மூன்றாம் நாள் மாலை யானைகள்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன, அவை சரி. வயது நாற்பத்தொன்று. தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரே அறையில் பன்னிரண்டு வருடமாக அலுவலகம் நடத்துகிறேன். எந்தப் பூங்காவின் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தச் சாலையில் எந்த மாதம் பாலம் முழுகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்பதால் ஜீப் ஓட்டுநர்கள் என்னைக் ‘காலண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரவில்லை. நானாக வந்தேன்.

இந்த வழக்கில் இறந்துபோனவர் என் உடன்பிறந்த அக்கா. இருபத்துநான்கு நாட்களாகச் சிறையில் இருப்பவர் அவள் கணவர், என் அத்தான். அவர் செய்ததாக உங்கள் கோப்பில் எழுதியிருப்பதில் முக்கியமானவை நான் செய்தவை. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். எழுத்தர் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்கிறார். சுருக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான் காரியம் இந்த அளவுக்கு வந்தது; தயவு செய்து முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் அதிகம் போகும் திட்டம் ஐந்து நாள், மூன்று பூங்கா. முதல் இரண்டு நாள் புல்வெளிப் பூங்கா, நான்காம் நாள் ஏரிப் பூங்கா, ஐந்தாம் நாள் மலைப் பூங்கா. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஏழு மணி நேரம் சாலைப் பயணம் மட்டுமே. அந்த வழியில், வனத்துறை எல்லைக்கு வெளியே, நான்கு அறைகள் கொண்ட ஒரு விடுதி இருக்கிறது. அதன் முதலாளி வெளிநாட்டில் இருப்பதால் அத்தானைப் பராமரிப்பாளராகவும் அக்காவைச் சமையலுக்கும் அங்கே சேர்த்துவிட்டது நான். அவர்களுடைய இரண்டு பெண்களும் படிப்புக்காக என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பெரியவளுக்குப் பதினாறு வயது, சின்னவளுக்கு ஒன்பது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் ஐந்து நாளும் முடித்துவிட்டு என் அலுவலகத்துக்கே வந்து, “மூணாம் நாள் பூரா ரோட்டையும் லாரியையும்தான் பாத்தோம். அதுக்கு வீட்டு வாசல்லயே உக்காந்திருப்போமே” என்று சத்தம் போட்டார்கள். எனக்குச் சுருக்கென்று குத்தியது. என் திட்டத்தில் ஓட்டை என்று யாராவது சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அது என் சுபாவம். அதன் பின்பு இரண்டு நாள் யோசித்து, மாட்டுத் தீவனக் கடையிலிருந்து கல்லுப்பு மூட்டைகள் வாங்கி விடுதிக்கு அனுப்பி, விடுதியின் பின்புறக் குளத்துக்கு அந்தப் பக்கம், வராந்தாவிலிருந்து அறுபதடி தூரத்தில், தினமும் மூன்று மணிக்குக் கொட்டி வைக்கும்படி அத்தானிடம் சொன்னேன். விலங்குகளுக்கு உப்போ தீனியோ வைப்பது குற்றம் என்ற வனத்துறை அறிவிப்புப் பலகை அந்தச் சாலையிலேயே இருக்கிறது. தெரிந்தேதான் சொன்னேன். அத்தான் முதலில் மாட்டேன் என்றார். நான் விடவில்லை.

ஒன்பதாவது நாள் யானைகள் வந்தன. கிழிந்த காதுள்ள ஒரு வயதான பெண் யானை முன்னால் வரும். அதன் பின்னால் குட்டிகளோடு சேர்த்து ஆறு. நாலரை மணி தவறாது. அதன் பின்பு என் திட்டத் தாளில் ‘மூன்றாம் நாள்: மாலை 4.30 முதல் 6 வரை, வராந்தாவிலிருந்து பெரும்பாலும் யானைகள்’ என்று அச்சடித்தேன். அடுத்த பருவத்தில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அக்கா கேலி செய்வாள். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு இதுங்களுக்கு யாருடா சொல்லிக் குடுத்தது? உன்னைத் தவிர நேரத்துக்கு வர்றது இதுங்க மட்டும்தான்” என்பாள். நானும் சிரிப்பேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடந்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து மழைக்காக மூன்று பூங்காக்களும் மூடப்பட்டன. முதல் தேதி காலையே கடைசிக் குழு விடுதியை விட்டுக் கிளம்பியது. அன்றே அத்தானுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து உப்பு வேண்டாம், மூன்று மாதம் ஆள் வராது என்று சொன்னேன். ஆள் வராத மாதத்தில் யானை எதற்கு என்பதுதான் என் கணக்கு. விருந்தினருக்கு இந்தத் தேதியில் வா, இந்தத் தேதியில் போ என்று தாள் கொடுப்பது போல அவற்றுக்கும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் காட்டோடு பிழைத்தவன் நினைக்கிற நினைப்பா அது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆறு மூட்டை மிச்சம் இருந்தது. வெளிக் கொட்டகை ஒழுகும் என்பதால் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் அடுக்கச் சொன்னேன். அதற்கு அத்தான், “வேண்டாம் மச்சான், அதுங்க மோப்பம் பிடிச்சு உள்ள வந்துரும். பேசாம எங்கயாவது தூரமா கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்துடறேனே” என்றார். நான், “மழை விட்டதும் திரும்ப யாரு வாங்கி அனுப்பறது? சொன்னதச் செய்யுங்க அத்தான்” என்று கோபமாகச் சொன்னேன்.  அவர் மூட்டைகளை அங்கேயே அடுக்கினார்.

ஐந்தாம் தேதி மாலை யானைகள் வழக்கமான நேரத்துக்கு வந்து, வெறும் மண்ணைத் துழாவிவிட்டு, இருட்டும் வரை நின்றுவிட்டுப் போனதாக அத்தான் போனில் சொன்னார். ஏழாம் தேதி கிழிந்த காது யானை மட்டும் குளத்தைச் சுற்றி வந்து சாமான் அறைச் சன்னலில் துதிக்கையை வைத்துத் தடவியிருக்கிறது. எட்டாம் தேதி சன்னல் கம்பி வளைந்தது. அன்று துணி துவைக்க வரும் பெண்ணும் அங்கே இருந்து பார்த்திருக்கிறார்.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தானும் அக்காவும் சேர்ந்து எனக்குப் போன் செய்தார்கள். அக்காதான் பேசினாள். “டேய், எனக்குப் பயமா இருக்குடா. விடுதியைப் பூட்டிட்டு நாங்க ரெண்டு பேரும் அங்க வந்துடறோம். பிள்ளைங்களோட பத்து நாள் இருந்த மாதிரியும் இருக்கும்” என்றாள். வியாழக்கிழமை ஒரு பெரிய சுற்றுலா நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் விடுதியைப் பார்க்க வருவதாக இருந்தது. பூட்டிக் கிடந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்து, “வியாழன் ஒரு நாள் பொறுத்துக்கோக்கா. ரூமெல்லாம் கொஞ்சம் பளிச்சுனு வச்சிடு. வெள்ளிக்கிழமை காலைல நானே வண்டி கொண்டு வர்றேன்” என்றேன். “சரிடா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அதன் பின்பு சின்னவளின் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டதா என்று கேட்டாள். விழவில்லை என்றேன். இந்தப் போன் பேச்சைப் பற்றி உங்கள் கோப்பில் ஒரு வரியும் இல்லை.

பத்தாம் தேதி புதன்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, வியாழக்கிழமை வருபவர்களுக்காக அக்கா சாமான் அறையில் நின்று கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யானை சுவரைத் தள்ளியது. அத்தான் தண்ணீர் மோட்டார் பக்கம் இருந்திருக்கிறார். அவர் ஓடி வந்து தகரத்தைத் தட்டி யானையை விரட்டி, செங்கற்களைக் கையால் அகற்றி அவளை வெளியே இழுத்திருக்கிறார். அவருடைய வலது கை நகங்களில் இரண்டு பெயர்ந்துவிட்டன. மருத்துவமனை இரண்டரை மணி நேரத் தூரம். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா இல்லை. அவளுடைய புடவைத் தலைப்பில் துடைக்கும் துணி செருகியபடியே இருந்தது. என்னால் அந்தத் துணியை எடுக்க முடியவில்லை. நர்ஸ்தான் எடுத்தார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, காவல்துறையினர் வருவதற்கு முன்பு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில் அத்தானை உட்கார வைத்து, என் சட்டைப் பையில் இருந்த திட்டத் தாளின் பின்புறத்தில் அவர் சொல்ல வேண்டியவற்றை ஆறு பாயிண்டாக எழுதினேன். அவர் கொடுத்ததாக உங்களிடம் இருக்கும் வாக்குமூலம் நான் எழுதிக் கொடுத்தது. உப்பு வைத்தது அவர் யோசனை என்பது முதல் பாயிண்ட். எனக்கு எதுவும் தெரியாது என்பது இரண்டாவது. மூட்டைகளை அவராகவே உள்ளே வைத்தார் என்பது மூன்றாவது. அக்கா பயப்படுகிறாள், கிளம்ப நினைக்கிறாள் என்பது துணி துவைக்கும் பெண்ணுக்குத் தெரியும். அவரை விசாரித்தால், அக்கா யாரிடம் கேட்டாள், யார் தடுத்தது என்ற கேள்வி வரும். ஆகவே நான்காவதாக, ‘என் மனைவி போய்விடலாம் என்று கெஞ்சினாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை’ என்று எழுதினேன். ஐந்தும் ஆறும் நேரம், இடம் பற்றியவை.

நான்காவதைப் படித்துவிட்டு அத்தான், “இது எதுக்கு மச்சான்? அவ என்கிட்ட கெஞ்சவே இல்லையே. ரெண்டு பேரும் சேர்ந்துதானே உன்கிட்ட கேட்டோம்” என்றார். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. புரியாமல்தான் கேட்டார். “நீங்க உள்ள போனா மூணு நாள்ல ஜாமீன்ல எடுத்துடுவேன். நான் உள்ள போனா உங்களால ஒரு வக்கீலப் பாத்துப் பேச முடியுமா? பொண்ணுங்க கதி என்ன?” என்று கேட்டேன். அவர் தாளை வாங்கி, நெட்டுருப் போடும் பள்ளிப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து மூன்று முறை படித்தார். அதன் பின்பு தாளைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்தேன். மனைவி செத்து ஒரு ராத்திரி கழியாத மனுஷனை உட்கார வைத்துப் பாடம் படிக்க வைத்தேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு என் மேலேயே, ஆனாலும் செய்தேன்.

ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடியானது. மனைவி எச்சரித்த பிறகும் கேட்காமல் இருந்திருக்கிறார் என்பதையே இரண்டு முறையும் காரணமாகச் சொன்னார்கள். பத்திரிகையிலும் அதுதான் வந்தது. பெரியவள் அதைப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அப்பா என்ற சொல்லே இல்லை. சின்னவள் கேட்டால், “அம்மா கெஞ்சியும் விடாதவரு உனக்கு எதுக்குடி?” என்று அடக்கிவிடுவாள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் என்னிடம் முன்பைவிட அன்பாக இருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை சிறையில் அத்தானைப் பார்த்தேன். “பெரியவ வரலியா?” என்று கேட்டார். பரீட்சை என்று சொன்னேன். அவருக்கு என் பொய் தெரிந்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, “மச்சான், மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். அந்த நாலாவத மட்டும் அவகிட்ட இல்லைன்னு சொல்லிடு” என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு நாளாக வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

இன்று காலை பெரியவள் தன் பள்ளிப் படிவம் ஒன்றைக் கொண்டு வந்தாள். தந்தை பெயர் என்ற இடத்தில் அழுத்தமாகக் கோடு அடித்திருந்தாள். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். “இனிமே எல்லாத்துலயும் உங்க பேரையே போட்டுக்கறேன் மாமா. கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டினாள். ஸ்டேஷனில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வந்து போடுகிறேன் என்றேன். உங்களுக்கு உடம்பு சரியில்லை, தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லி அவளும் கூட வந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளிடம் நீங்களே போய்ச் சொல்லலாமே என்று ஆய்வாளர் கேட்டார். எனக்கு வாய் வராது என்று சொன்னேன். என்னைக் கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அது பொய்யில்லை. எனக்குச் சேர வேண்டிய தண்டனை எனக்கு வரட்டும். அத்தானுடைய வாக்குமூலத்தின் நான்காவது வரி மட்டும் முதலில் அடிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்டவை முழுவதும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. இவற்றில் ஒரு சொல்லும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டும் முன்பு அறைக் கதவைத் திறந்து வைக்கும்படி கேட்டேன். எழுத்தர் எழுந்து போய்த் திறந்து வைத்தார். பெஞ்சு வரை கேட்கும்படி, முதலிலிருந்து கடைசி வரை, உரக்க வாசிக்கப்பட்டது. எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு இதில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)