பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளந்தது

பேஸ் கிடார் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. சுவரில் மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான். பிறகு தோளில் மாட்டி எடை பார்ப்பார்கள், தலையில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்ப்பார்கள், போனால் போகிறது என்று கடைசியில் வாசித்தும் பார்ப்பார்கள். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இந்த இருபத்தாறு வருடத்தில் என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதனால் நீங்கள் போன் செய்து அதைக் கேட்டபோது, டாக்டர், எனக்கு உங்கள் மேல் மரியாதைதான் வந்தது.

என் தம்பியின் இடது கைக்கு அறுவை சிகிச்சை செய்தவர் நீங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இனி முழுதாக மடங்காது என்று அவனிடம் பக்குவமாகச் சொன்னவரும் நீங்கள்தான். உங்கள் குறிப்பில் காரணம் என்ற இடத்தில், படுக்கையில் கிடந்த தகப்பனாரை மூன்று வருடம் தூக்கியதாக இருக்கலாம் என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். தம்பி எனக்குப் படித்துக் காட்டினான். செத்துப்போன மனிதர் மேல் பழி போவது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா கடைசியில் ஒரு பெரிய ஆம்ப் ஒலிப்பெட்டி அளவுகூட கனமில்லை. அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் ஒன்று சொன்னால் அடுத்தது கேட்பீர்கள். எனக்குப் பேச அலுப்பாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட எண் நாலு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.

அது தடித்த கம்பிக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளந்தது. ஃப்ரெட் என்பது கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோக வரி. கம்பி அதற்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, விரல் அவ்வளவு தூரம் அதை அழுத்தி இறக்க வேண்டும். தம்பியின் கைக்குச் சரியான உயரம் இரண்டு மில்லிமீட்டர். அவன் கையை எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

இந்த உயரம் தானாகவும் கொஞ்சம் மாறும். கழுத்து மரம், மழைக்கு வளையும், வெயிலுக்கு நிமிரும். அதெல்லாம் ஒரு மயிரிழை. இன்னொரு இடத்திலும் உயரம் மாறும். கீழே, கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்குகிற சின்னத் திருகுகள் இருக்கின்றன. அவை மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. ஆலன் கீ என்கிற ஆறுபட்டைச் சாவி வைத்து ஒருவர் திருப்பினால்தான் ஏறும். அந்த ஆலன் கீ எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

எங்கள் முதல் கிடாரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். பழைய சரக்கு, பழுப்பு நிறம், கம்பியை முறுக்கும் காதுகளில் ஒன்று ஆடும். முதல் ஐந்து வருடம் நான்தான் வாசித்தேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் ஒரு ஹோட்டல் இசைக்குழுவின் தலைவர் என் வாசிப்பைக் கேட்டுப்பார்க்க வீட்டுக்கு வந்தார். அவருக்கு டீ போட நான் உள்ளே போனேன். கேபிளில் சத்தம் வருகிறதா என்று பார்க்கத் தம்பி நாலு சுரம் தட்டியிருக்கிறான். நான் டம்ளரோடு வெளியே வந்தபோது அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவரே போதும் சார்" என்றார் என்னிடம். டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நான் அதற்காக வருத்தப்பட்டவன் இல்லை. ஒருவன் வாசித்தால் இன்னொருவன் திருகு திருப்பித்தான் ஆக வேண்டும். வீட்டின் முன்னறையில் கடை போட்டேன். வாங்குவது, கம்பி உயரம் பார்த்து செட்டப் செய்வது, விற்பது, எது யாருக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுச் சொல்வது என்று எனக்கும் ஒரு பெயர் உண்டானது. தம்பி மாடியில் மனைவியோடு இருந்தான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர்கள் குழுவுக்கு விடுமுறை. அன்று காலை கிடாரை என் மேசையில் வைத்துவிட்டுப் போவான், மாலையில் எடுத்துக்கொள்வான். ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. திருகு எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் இறங்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. "அண்ணன் கை பட்டா போதும்" என்று எல்லோரிடமும் சொல்வான்.

இப்படி இருக்கையில்தான் அவனுக்குக் கப்பலில் வாசிக்க அழைப்பு வந்தது. பெரிய பயணிகள் கப்பல், இருபது பேர் கொண்ட இசைக்குழு. பதினாலு மாதத்தில் அங்கே பேஸ் வாசிப்பவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் இவனுக்கு. போனால் இரண்டு வருடம்.

அப்பா அப்போது படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வலப்பக்கம் வராது, பேச்சும் இல்லை. குளிப்பாட்ட, துணி மாற்ற, புண் வராமல் திருப்பிப் போட இரண்டு ஆள் வேண்டும். தோளை நான் பிடிப்பேன், காலை அவன் பிடிப்பான். தம்பி மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள், இடுப்பு வலிக்காரி. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று அப்பா பேச்சு இருந்த காலத்தில் சொல்வார். நான் படைக்குப் பயந்தவன் இல்லை. களைப்புக்குப் பயந்தேன். அந்த மனிதரைத் தனியாக இரண்டு வருடம் புரட்டிப் போடுவதை நினைத்தாலே எனக்கு உட்காரத் தோன்றியது.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருந்திருப்பான், அது எனக்குத் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்க, அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தான் என்று ஊர் அவனைப் புகழ்ந்திருக்கும். அவனே வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் எல்லோருக்கும் நல்லது என்று பட்டது.

அடுத்த முதல் திங்கட்கிழமை திருகுகளை ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பினேன். இரண்டு என்பது இரண்டு புள்ளி இரண்டு ஆனது. நோட்டில் எழுதினேன். செட்டப் செய்யும் ஒவ்வொரு கிடாருக்கும் தேதி போட்டு உயரம் எழுதுவது என் பழக்கம், இதற்கென்று மாற்றிக்கொள்ளவில்லை. மறுமாதம் இரண்டு புள்ளி நாலு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஒரே நாளில் ஏற்றினால் எந்த விரலும் கண்டுபிடித்துவிடும். மாதத்துக்கு இம்மி இம்மியாக ஏற்றினால், விரல் தன் வயதைத்தான் நொந்துகொள்ளும்.

மூன்றாவது மாதம் கம்பிகளையும் ஒரு அளவு தடித்ததாக மாற்றினேன், நாதம் நன்றாக விழும் என்று சொல்லி. ஆம்பில் ஒலியைக் குறைத்து வைத்து விரலால் அழுத்தி வாசிக்கச் சொன்னேன், அதுதான் பெரிய மேடைக்கு அழகு என்றேன். இரண்டுமே பொய் இல்லை. எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம்.

கை கெட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வலிக்க வேண்டும், அவ்வளவுதான். மேடையில் தினம் ஐந்து மணி நேரம் வாசிக்கத் தன்னால் முடியாது என்று அவனே கப்பல்காரர்களுக்கு எழுதுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னடா என்றால், வலிக்க வலிக்க அதிகமாகச் சாதகம் செய்தான். அது நான் எதிர்பாராதது. சின்ன வயதில் நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், வலித்தால் இன்னும் அரை மணி நேரம் என்று.

எட்டாவது மாதம் அவன் மனைவி அவனிடம் மாடிப்படியில் நின்று பேசியது என் காதில் விழுந்தது. "அந்தக் கிடாரை வேற யாருகிட்டயாவது ஒரு தடவை காட்டுங்களேன்." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவளோடு இரண்டு நாள் பேசவில்லை அவன். ஆனால் மனசில் ஏதோ விழுந்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் என்னிடம் வந்தான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காத. வேற நாலு கிடார் வாசிச்சுப் பார்க்கவா? கோளாறு கையிலயா கிடார்லயான்னு தெரிஞ்சுடும்."

"தாராளமா வாசி. திங்கட்கிழமை எடுத்து வைக்கிறேன்" என்றேன்.

எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். ஐந்து கிடாரை வரிசையாக நிறுத்தி, ஒரே ஆம்ப், ஒரே கேபிள், ஒன்று மாற்றி ஒன்று வாசித்து ஒப்பிடுவது. நியாயமான சோதனை. அதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு, வாசிப்பவர்கள் யாரும் அதை யோசிப்பதில்லை. ஐந்தையும் செட்டப் செய்தவன் ஒருவனே. வேலிக்கு ஓணான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து கடையிலிருந்த நாலு நல்ல கிடார்களையும் மூன்று புள்ளி ஆறுக்கு ஏற்றினேன். நிறம் வேறு, மரம் வேறு, கம்பெனி வேறு, உயரம் மட்டும் ஒன்று. திங்கட்கிழமை அவன் முதலாவதை எடுத்தான். ஐந்து நிமிடத்தில் கையை உதறினான். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கடைசியில் தன்னுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், வாசிக்கவில்லை.

"எல்லாத்துலயும் வலிக்குது. என் கையிலதான்ணா கோளாறு. உன்னைப் போய் சந்தேகப்பட்டேன் பாரு."

நான் அப்போது சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். அவனும் சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது, டாக்டர். அன்று மாலை நாலு கிடார்களையும் பழைய உயரத்துக்கு இறக்கி வைத்தேன். வாடிக்கையாளர்களை ஏமாற்ற எனக்கு மனசு வராது. அவனுடையதை மட்டும் அப்படியே கொடுத்தேன். மேலே போய் அப்பாவைத் திருப்பிப் போட்டோம். தோளை நான், காலை அவன். இடது கையில் பிடி நிற்காமல் முழங்கையைக் கொடுத்துத் தூக்கினான்.

இன்னும் இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பா போய்விட்டார். சிரமப்படவில்லை. நோட்டில் அப்போது பத்து வரிகள், நாலு மில்லிமீட்டர். கப்பலுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. கையும் அப்போது அறுக்கிற நிலையில் இல்லை. திருகுகளை இறக்கியிருக்கலாம். ஆறு வாரம் ஓய்வு கொடுத்திருந்தால் தேறியிருக்கும் என்று நீங்களே தம்பியிடம் சொல்லியிருக்கிறீர்கள், அப்போதே வந்திருந்தால் என்று.

எல்லாம் முடிந்த மறுவாரம் தம்பி கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். பல நாளுக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது.

"இனிமே உனக்கு இங்க என்னண்ணா வேலை? கப்பல்ல வாத்தியமெல்லாம் பார்த்துக்க ஒரு ஆள் கேக்கறாங்க. உன் பேரைக் குடுத்துட்டேன். நான் வாசிக்கறேன், நீ பக்கத்துல இரு. ரெண்டு பேருமா போயிடலாம்."

நல்ல மனசு அவனுக்கு. நடுக்கடலிலும் நான் அவனுக்குத் திருகு திருப்பும்படி ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கப்பல் புறப்பட மூன்று வாரம் இருக்கையில், மேடையிலேயே விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. நீங்கள் அறுத்துப் பார்த்தபோது தசைநாரின் உறை கயிறு போலத் தடித்திருந்ததாகச் சொன்னீர்கள். அதைச் செய்தது அப்பா இல்லை, நான். தெரிந்து, அளந்து, எழுதி வைத்துச் செய்தேன். என் தம்பியின் கையைக் கெடுத்தவன் நான்தான்.

கப்பலில் அவன் இடத்துக்குப் போனவர் புறப்படுமுன் என்னிடம்தான் ஒரு கிடார் வாங்கினார். தம்பிதான் அழைத்து வந்தான். மூன்றை ஒப்பிட்டு நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். உயரம் இரண்டு மில்லிமீட்டர், வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார். தொழிலில் நான் யாருக்கும் கெடுதல் செய்தவன் இல்லை.

தம்பி இப்போது பகலில் கடையில் என்னோடு இருக்கிறான். வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறான், அண்ணன் கை பட்டால் போதும் என்கிறான். காலையில் அவன் சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிடுகிறேன். மனைவி போடுவதைவிட நான் போடுவது அவனுக்கு வசதியாக இருக்கிறதாம்.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அவனிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். அவன் கிடாருக்கு மொத்தம் பதின்மூன்று வரிகள். முதல் பத்தும் அப்பாவுக்காகச் செய்தது, அதை யார் கேட்டாலும் நிமிர்ந்து சொல்வேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றின் தேதிகள் அப்பா போனதற்குப் பிறகு வருகின்றன. நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி நாலு, நாலு புள்ளி ஆறு. பழைய திருகுகள் நாலு மில்லிமீட்டருக்குமேல் ஏறாது என்பதால் நீளமானவை நாலு வரவழைத்திருக்கிறேன், அதுவும் அந்தப் பக்கத்திலேயே என் கையெழுத்தில் இருக்கிறது. நீங்கள் கூர்மையானவர், கேட்பீர்கள். அந்த மூன்று வரிகளை நானும் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்த மூன்று மாதமும் விடாத மழை, டாக்டர். மரம்தானே, தானாக வளைந்திருக்கும்.