பதினேழாம் தேதி, மாலை ஆறு மணி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தகைமை சான்ற மூப்பர் ஐயா அவர்களே. மந்தையை மனத்தில் சுமந்து நடக்கும் மதிப்பிற்குரிய போதகர் அவர்களே. பாடிப் பாடித் தொண்டை வற்றியும் புன்னகை வற்றாத பாடகர் குழுவினரே. அரங்கை நிறைத்திருக்கும் ஆன்றோரே, அன்னையரே. இடம் கிடைக்காமல் வாசற்கதவில் சாய்ந்து நிற்கும் வாலிபர்களே. சமையலறையில் தேநீர் கொதிக்க வைத்துவிட்டுக் காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் தாய்மார்களே. மூன்றாம் வரிசை ஓரத்தில், முதுகுக்குத் தலையணை வைத்து அமர்ந்திருக்கும் என் அக்கா அவர்களே. உங்கள் அனைவருக்கும் ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் என் அன்பின் வணக்கம்.

ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் சகோதரரே, சத்தத்தைச் சற்றுக் குறையுங்கள். என் குரல் நடுங்குவது தெரு வரைக்கும் கேட்க வேண்டாம்.

ஆம், நடுங்குகிறது. குரல் மட்டுமா? இந்தக் கையைப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாக லிஃப்ட் பழுது பார்க்கும் கை. பன்னிரண்டாம் மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் மேலே நின்றுகொண்டு, விளக்கையும் ஸ்பேனரையும் பிடித்தபோது நடுங்காத கை. இரண்டே படி உயரமுள்ள இந்த மேடையில் நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது என்பதைச் சொல்லி முடித்துவிட்டால் நான் இறங்கிவிடுவேன்.

நம் சபையின் வழக்கத்தைப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மறுபிறந்த நாள் விழா. இதோ, என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பலகையில், மனந்திரும்பி ஆண்டவரால் இரட்சிக்கப்பட்டவரின் பெயர், அது நடந்த தேதி, நேரம் எல்லாம் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கும். பெயர் வாசிக்கப்படும், அவர் எழுந்து நிற்பார், சபை கைதட்டும். மேலிருந்து மூன்றாவது வரி என்னுடையது. பதினேழாம் தேதி, மாலை ஆறு மணி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? 'பதினேழாம் தேதி மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தத் தேதியின் கதையைச் சொல்லத்தான் இன்று என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்ட பாகத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இதே மண்டபத்தில் வாலிபர் கூடுகை. கையில் குறிப்பேட்டோடு மூப்பர் ஒருவர் வரிசை வரிசையாக வந்தார். தலைவர் ஐயா, அது நீங்கள்தான். அன்று உங்கள் தலைமுடி கன்னங்கறுப்பு. "இரட்சிக்கப்பட்ட தேதி தெரிஞ்சவங்க வலது பக்கம் உட்காருங்க. தெரியாதவங்க இடது பக்கம். உங்களுக்காக விசேஷமா ஜெபிக்கணும்" என்றீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள். என் சிநேகிதர் நால்வரும் வலப்பக்கம் போய்விட்டார்கள். இடப்பக்கம் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வேறு கூட்டம் என்று நினைத்து வழி தவறி வந்தவர். மற்றவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. "தேதி என்னப்பா?" சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. கண்ணில் பட்ட எண்ணைச் சொன்னேன். "போன மாசம் பதினேழு, ஐயா." "நேரம்?" "சாயங்காலம் ஆறு மணி." எழுதிக்கொண்டீர்கள். தோளைத் தட்டினீர்கள். நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்பர்களே, அந்தப் பதினேழாம் தேதி மாலை ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன்? முழங்காலில் இருந்தேனா? இல்லை. கண்ணீரில் இருந்தேனா? இல்லை. வேதத்தைத் திறந்து வைத்து விம்மிக்கொண்டிருந்தேனா? அதுவும் இல்லை. முடிவெட்டும் கடையில் இருந்தேன். கழுத்தைச் சுற்றித் துணி, காதோரத்தில் கத்தரி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானே எத்தனையோ முறை தனியாகச் சிரித்திருக்கிறேன். அந்தப் பொய் சும்மா இருக்கவில்லை, ஆண்டுதோறும் தீனி கேட்டது. முதல் ஆண்டு 'மனம் இலேசானது' என்று சாட்சி சொன்னேன். ஐந்தாம் ஆண்டு கண்ணீர் சேர்ந்தது. பத்தாம் ஆண்டு வெளியே தூறல் விழுந்தது. இருபதாம் ஆண்டு அந்தத் தூறலுக்குள் ஓர் ஒளி தெரிந்தது. இன்னும் இரண்டு ஆண்டு விட்டிருந்தால், தேவதூதர்களையே அந்த முடிவெட்டும் கடைக்குள் இறக்கியிருப்பேன்.

நீங்கள் கைதட்டினீர்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. தேதி பொய் என்றால் இரட்சிப்பும் பொய்யா? நான் ஜெபித்ததெல்லாம் பொய்யா? என் உள்ளே இருப்பது விசுவாசமா, விசுவாசம் போட்ட வேஷமா? யாரிடம் கேட்பது? பலகையில் பெயர் இருப்பவன் இதை இங்கே எந்த முகத்தோடு கேட்பான்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் பேருந்தில் போய், என்னை யாரும் அறியாத ஊரில் நடக்கும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவேன். "எல்லாரும் கண்களை மூடுங்கள். இன்று தீர்மானம் எடுப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார்கள். உயர்த்துவேன். திரும்பி வரும் பேருந்திலேயே சந்தேகம் பிடித்துக்கொள்ளும். முழு மனத்தோடு உயர்த்தினேனா? அரை மனத்தோடு உயர்த்தினேனா? மறுபடி விடுப்பு, மறுபடி பேருந்து, மறுபடி கை. நான்காவது முறை வாசலில் நின்ற சகோதரர் முகம் மலர்ந்து, "அண்ணே, வாங்க. போன வருஷம் உட்கார்ந்தீங்களே, அந்த இடமே காலியா இருக்கு" என்றார். அத்தோடு அந்த ஊரை விட்டேன். வேறு ஊர் தேடினேன்.

இந்த அவஸ்தை என்னோடு முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை.

என் அக்காவை உங்களுக்குத் தெரியும். பள்ளிச் சீருடை தைப்பவர். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பதினோரு ஆண்டு பார்த்துக்கொண்டவர். அந்த அம்மாள் திட்டிய திட்டில் பாதி எனக்குக் காதில் விழுந்திருக்கிறது. மீதியை அக்கா சொன்னதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு, இதய மருத்துவர் 'வால்வு பழுதாகிவிட்டது, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும்' என்றார்.  அறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா நீல நாற்காலியில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு கேட்டார். அவர் கேட்டதை இங்கே சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். "பேசு தம்பி. என்னை மாதிரி இன்னும் யாராவது இருப்பாங்க" என்றார்.

"தம்பி, உனக்குத் தேதி இருக்கு. எனக்கு இல்லையே."

"அதுக்கென்னக்கா இப்போ?"

"ஆபரேஷன்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா, நான் ஆண்டவர் முன்னாடி போய் நிக்கணும். நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டார்னா?"

"உன்னையா? என்னக்கா பேச்சு இது?"

"பேர் வாசிக்கிற நேரத்துல நான் எங்க இருப்பேன்னு என்னைக்காவது பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார். எத்தனை பணிவு, எத்தனை தொண்டுள்ளம் என்று மெச்சியிருக்கிறோம்.

"எல்லாரும் எழுந்து நிக்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கணும்ல தம்பி. அதான் டம்ளர் கழுவணும்னு எழுந்து போயிடுவேன். முப்பது வருஷமா கழுவுறேன். உனக்கு ஒரு நாள்ல கிடைச்சது எனக்கு ஏன் கிடைக்கலன்னு யோசிச்சுக்கிட்டே கழுவுவேன்."

என் பொய்யைப் பார்த்துப் பார்த்து, தன் மெய்யைச் சந்தேகித்திருக்கிறார் என் அக்கா. அதைக் கேட்ட பிறகாவது நான் உண்மையைச் சொன்னேனா? இல்லை. "ஒண்ணும் ஆகாதுக்கா, தேநீர் வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனேன். கோழை என்று என்னைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "மேடையில சொன்ன பொய்க்கு அடுப்படியில அழுதா ஆச்சா? மேடையிலயே சொல்லுங்க." அதோ, அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நான் இறங்கி ஓடிவிடுவேனோ என்று வழியை மறித்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஏழு மாடி அலுவலகம். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு குமாஸ்தா தனியாக. மேலே இயந்திர அறையிலிருந்து அழைப்புக் கருவியில் பேசினேன்.

"சார், இங்க ஒட்டியிருக்கிற தாள்ல, போன மாசம் சோதிச்சதா தேதி போட்டிருக்கு" என்றார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "தேதி சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் நின்னுச்சு? விழுந்துடுமா?"

"தாளை விடுங்க சார். தாளா உங்களைத் தூக்குது? மேல கயிறு இருக்கு, எஃகுக் கயிறு. என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. அது பிடிச்சிருக்கு."

"நானும் உள்ள இருக்கிற கைப்பிடிக் கம்பியைக் கெட்டியா பிடிச்சிருக்கேன் சார்."

"நீங்க பிடிச்சா என்ன, விட்டா என்ன? நீங்க பிடிச்சதால அது நிக்கல சார். அது உங்களைப் பிடிச்சிருக்கு."

இருபது நிமிடத்தில் கதவைத் திறந்தேன். அந்த மனிதரின் உள்ளங்கைகள் இரண்டும் கம்பியின் தடம் பதிந்து சிவந்திருந்தன. பாவம், லிஃப்டையே தான் தாங்குவதாக நினைத்து அந்த இருபது நிமிடமும் உழைத்திருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு இயந்திர அறைக்குத் திரும்பினேன். கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நானே திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நீங்க பிடிச்சதால அது நிக்கல. அது உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

சபையோரே, நம்மை இரட்சிப்பது தேதியா, ஆண்டவரா? நாம் எழுந்து நின்ற நேரமா, அவர் சிலுவையில் தொங்கிய நேரமா? உயர்த்திய என் கையா, ஆணி பாய்ந்த அவர் கையா? எந்தக் கையைப் பார்த்து நான் இத்தனை காலம் பயந்து செத்தேன்?

'அப்படியானால் எவனும் எப்படியும் வாழலாமா?' என்று அங்கே ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். நல்ல கேள்வி ஐயா. கயிறு எத்தனை உறுதியாக இருந்தாலும், தரைத்தளத்தில் நின்று தாளை வாசித்துக்கொண்டிருப்பவன் மேலே போவானா? போக மாட்டான். அவன் ஏற வேண்டும். தன் முழுப் பாரத்தையும் உள்ளே வைக்க வேண்டும். நான் தாளை வாசித்தவன். அழகாக, ஏற்ற இறக்கத்தோடு, ஆண்டுதோறும் வாசித்தவன். என் அக்கா ஏறியவர். எந்த நாளில், எந்த நேரத்தில் ஏறினார் என்று அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன?

எப்படிச் சொல்கிறேன்? மாமியாரைப் பார்த்துக்கொண்டதை வைத்தா? இல்லை, அதை வைத்தால் அதுவும் இன்னொரு தாள்தான். போன வாரம் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே, தையல் இயந்திரத்தில் உட்காரும் முன்பு, தினமும் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, உம்மை விட்டா எனக்கு யாருமில்ல. இன்னைக்கும் பிடிச்சுக்கோங்க." அவ்வளவுதான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். மெய்யான விசுவாசம் எப்படி இருக்கும் என்று ஊர் ஊராகப் பேருந்தில் தேடினேனே, அது அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அக்கா, பயப்படுகிறவர்கள் விசுவாசிகள் அல்லர் என்று உனக்கு யார் சொன்னது? அந்தக் குமாஸ்தா பயந்தார். பயந்தபடியேதான் பத்திரமாக இருந்தார்.

தலைவர் ஐயா, ஒரு வேண்டுகோள். மூன்றாவது வரியை அழித்துவிடுங்கள். ஐயா தலையசைக்கிறார். நன்றி. ஆனால் அந்தத் தூரிகையைக் கீழே வையுங்கள் ஐயா, இன்றைய தேதியை எழுதிவிடாதீர்கள். எனக்கு இனித் தேதி வேண்டாம். அக்கா சொன்னதை இன்று காலையில் நானும் சொன்னேன். நாளைக் காலையிலும் சொல்வேன். இனி வேறு ஊருக்குப் பேருந்து ஏற மாட்டேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அக்காவைத் தள்ளுபடுக்கையில் வைத்து, லிஃப்டில் ஆறாம் மாடிக்குக் கொண்டுபோவார்கள். அந்த லிஃப்டைப் பார்ப்பது வேறு நிறுவனம். ஒருமுறை சோதித்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். இயந்திர அறைச் சாவியைத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அக்காவுக்கும் பயமாகத்தான் இருக்கும். நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா, நீ கண் விழித்தாலும் அவர் கையில்தான் விழிப்பாய். விழிக்காவிட்டாலும் அவர் கையில்தான் இருப்பாய். உன்னைத் தெரியாது என்று அவர் சொல்ல மாட்டார். தினமும் காலையில் கூப்பிட்ட குரலை அவருக்குத் தெரியாதா?

இன்று யாரையும் கை உயர்த்தச் சொல்ல மாட்டேன். வாழ்நாளுக்குப் போதுமான அளவு நான் உயர்த்திவிட்டேன்.

அக்கா, எதற்கு எழுந்திருக்கிறாய்? மருத்துவர் நிற்கக் கூடாது என்றாரே. யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். என்ன அக்கா? சத்தமாகச் சொல், பின்னால் கேட்கவில்லையாம்.

"இன்னைக்கு நான் எழுந்து போகல. டம்ளரை நீ கழுவு, தம்பி."

கேட்டீர்களா? கேட்டுவிட்டீர்கள்.  பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொய்யனை மேடையிலிருந்து இறக்கிவிடாத தலைவர் ஐயாவுக்கும், வழி மறித்து உட்கார்ந்த என் மனைவிக்கும் நன்றி கூறி, நம்மைப் பிடித்திருக்கிறவருக்கு ஸ்தோத்திரம் செலுத்தி, அனைவரையும் வணங்கி இறங்குகிறேன். சமையலறைத் தாய்மார்களே, கொஞ்சம் இடம் விடுங்கள். அக்கா, பத்து நிமிடம் உட்கார்ந்திரு. கழுவி முடித்துவிட்டு வந்து, உன்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.