திபெத்துக்குப் பதிலா வந்த படம்

இறங்காதீகய்யா, சும்மா உக்காருங்க. மாடு ரெண்டும் வாய்க்கால்ல தண்ணி குடிக்கட்டும். தேவாரத்துக் கூட்டம் அந்திக்குத்தான? அதுக்குள்ள கொண்டுபோயி விட்டுருவான் இந்தச் சுருளியாண்டி. படப்பெட்டிக்கு அடியில வைக்கோலப் பரப்பித்தான் வச்சிருக்கேன், இனி ஒண்ணும் உடையாது.

ஒரே ஒரு சங்கதி கேக்கத்தான் நிறுத்துனேன். அந்தப் புதுப் படம், ஆம்பளையும் பொம்பளையும் நிக்கிறது, அத எங்கன வச்சு எடுத்தீக?

திபெத்துலயா. சரி.

உங்க பேச்ச எட்டு ஊர்ல கேட்டுட்டேன்ய்யா. திபெத்து சிநேக சங்கத்துக்காரவுக வண்டி கட்டத்தான் சொன்னாக, பேச்சக் கேக்கச் சொல்லல. மொத நா கம்பத்துல, உசேன் ராவுத்தர் மண்டிக்கு முன்னால வேட்டியத் திரையாக் கட்டி, கண்ணாடிப் படத்துக்குப் பின்னால விளக்க வச்சு அந்தச் சடைமாட்டக் காட்டுனீக பாருங்க, அங்கன விழுந்தவந்தான். வயித்துக்குக் கீழ பாவாடை கட்டுன மாதிரி மசிரு. நம்ம செவலைய அந்தக் குளிர்ல விட்டா ஒரு நா தாங்குமா? டீயில வெண்ணெயும் உப்பும் போட்டுக் குடிப்பாகன்னு சொன்னீக. நானே அடுப்பு மூட்டி வச்சுக் குடிச்சுப் பாத்தேன். ரெண்டு மடக்குக்கு மேல எறங்கல. ஆனாலும் அந்த நாட்டுக்கு நாமெல்லாம் சிநேகிதக்காரன்னு சங்கத்துல சொன்னாகள்ல, ஒரு வாயாச்சும் குடிக்க வேணாமா? சந்தையில ஒருத்தன் அப்படி ஒரு நாடே கெடையாதுன்னான். அவன அடிக்கப் போயிட்டேன். மெய்யாத்தான்.

சின்னமனூர்க் கரையில வண்டி குடை சாஞ்சு மூணு கண்ணாடிப் படம் உடஞ்சது என் தப்பு. நீங்க ஒரு வார்த்தை வையல. வேற படம் போட்டுக்கிடலாம் சுருளின்னீக. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

அந்த வேற படந்தான்ய்யா. அது திபெத்து இல்ல.

எந்திரிக்காதீக. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். அந்தப் பொம்பளை தலையோட போட்டுருக்கது கொங்காணி. தேயிலைக் காட்டுல மழைக்குக் கம்பளிய மடிச்சுப் போட்டுக்கிருவாக. எனக்கு எப்படித் தெரியும்னா, என் வீட்டுக்காரி பஞ்சம்மா அங்கன கொழுந்தெடுக்கப் போனவ. கோமாரியில என்கிட்ட இருந்த ஒரு சோடி மாடும் செத்துருச்சு. வேற சோடி வாங்குற வரைக்கும் நான் போயிட்டு வாரேன்னு கெளம்புனா. துணைக்குப் பலவேசத்த அனுப்புனேன். சின்னப் பிள்ளையில இருந்து என்கூட ஒரே தட்டுல தின்ன பய. ஆறு மாசத்துல அவன் மட்டும் வந்தான். மலைக்காய்ச்சல்ல போயிட்டா, அங்கனயே எரிச்சுட்டோம்னான். எந்த எஸ்டேட்டுன்னு கேக்கக்கூட எனக்கு அன்னிக்குப் புத்தி இல்ல. சுருளியாத்துல கருமாதி பண்ணேன். மொட்டை போடையில என்னைய விட அவந்தான் அழுதான். நாந்தான் அவனத் தேத்துனேன்.

ஆமாய்யா, மூணு வருசமாச்சு. அவனும் அப்பவே வேலைக்குன்னு மறுபடி மலையேறிட்டான், பெறகு ஊருப்பக்கம் வரல. இருக்கட்டும்.

நேத்து உத்தமபாளையத்துல அந்தப் படத்தப் போட்டு, போன வருசம் எடுத்ததுன்னுட்டு என்ன சொன்னீக? அந்த நாட்டுல ஒருத்திக்கு ரெண்டு புருசன் உண்டு, இந்தா நிக்கிறான் பாருங்க ஒருத்தன், இன்னொருத்தன் மாடு மேய்க்கப் போயிருக்கான்னீக. கூட்டம் பூராம் சிரிச்சுச்சு. நானும் விளக்குப் பக்கத்துல நின்னு சத்தமாச் சிரிச்சேன். பெறகு நீங்க குச்சிய வச்சு அவ கையத் தொட்டு, இந்தத் தேளு இவுக சாமி அடையாளம்னீக.

அது வீரபாண்டித் திருவிழாவுல குறத்திகிட்டப் பச்சை குத்துனதுய்யா. வலி பொறுக்காம பஞ்சம்மா என் தோளக் கடிச்சா. பக்கத்துல குடைய வச்சுக்கிட்டு நிக்கிறது பலவேசம்.

உங்களுக்கு ஏன் வேர்க்குது? நீங்க என்ன செய்வீக, ரெண்டு பேரு நின்னாக, எடுத்தீக. எந்த எஸ்டேட்டுன்னு மட்டும் சொல்லுங்க. உங்களத் தேவாரத்துல விட்டுட்டு நான் அப்படியே மலையேறிருவேன். வெட்டக் குத்தப் போகல. அவ செத்துட்டான்னு சொல்லி அவன் அவ தாலியக் கொண்டாந்து என் கையில குடுத்தான்ய்யா. அவளாக் கழட்டிக் குடுத்தாளான்னு அவ வாயால கேக்கணும், அம்புட்டுத்தான்.