கட்லெட் தட்டின் முன் காத்திருந்தவர்கள்

இல்லை, தலைவர் அவர்களே, கையில் காகிதம் எதுவும் இல்லை. எழுதியது உண்டு. ஜாதவ்பூரில் என் அறை மேஜை மேல் இருக்கிறது. அது இங்கே வந்திருந்தால் என்னைவிட நன்றாகப் பேசியிருக்கும்.

காகிதத்தை மறந்தேன். மரியாதையை மறக்கவில்லை.

நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் திரு. மஹாதேவன் அவர்களே! நாளை மதியம் ஹவுராவில் ரயிலேறி, விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போகும் நம் கல்விச் செயலாளர் குருமூர்த்தி சார் அவர்களே! முப்பத்தைந்து ஆண்டு துறைமுகத்தில் கப்பல்களைக் கரைசேர்த்துவிட்டு, இன்று முன்வரிசையில் கால் நீட்டித் தானும் கரைசேர்ந்திருக்கும் வாஞ்சிநாதன் மாமா அவர்களே! வங்காளத்தில் வாழ்ந்தும் வத்தக்குழம்பை வழுவாது வளர்க்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் எனக்குப் புரியாது என்று நினைத்து வங்காளியில் கிண்டல் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! எனக்குப் புரிகிறது. அனைவருக்கும் வணக்கம்.

கொடுத்த தலைப்பு 'ஆங்கிலமும் நாமும்'. ஆங்கிலம் பெரியது. நாமும் சின்னவர்கள் இல்லை. ஆறு மணிக்கு டீ.

டீ என்றதும் கைதட்டுகிறீர்கள். இதற்கு மேல் நான் எதற்கு?

ஆகவே ஒரே ஒரு மூலை. மூன்று வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில், இந்தக் கட்டடத்தின் மாடி அறையில், குருமூர்த்தி சார் ஏற்பாடு செய்த பேச்சு ஆங்கில வகுப்பில் பாடம் எடுக்கிறேன். பதினான்கு பேர். ஒரு கரும்பலகை. அவ்வப்போது மின்சாரம். அங்கே கண்டெடுத்த மூலை இது.

போன ஜூலையில் விஜயா அக்கா வகுப்புக்கு வந்தார். மதுரைக்காரர். கணவர் ராணுவத்தில், சிலிகுரிப் பக்கம். மகள் ஸ்னேகாவுடன் அலிப்பூர் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறார். சொல்லலாமா அக்கா? தலையாட்டுகிறார். பள்ளி ஒன்றில் ஸ்னேகாவை ஆறாம் வகுப்பில் எடுக்க மாட்டோம், ஐந்தில்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாதாட ஆங்கிலம் வரவில்லை. அழுகை வந்தது. தலைமை ஆசிரியை தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்: "புல் யுவர்செல்ஃப் டுகெதர்."

அக்கா என்னிடம் கேட்டார்: "ஏன் மீரா, உன்னையச் சேத்து இழுத்துக்கன்னு சொல்லுது அந்தம்மா. நான் என்ன செதறியா கெடந்தேன்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆமாம், சிதறித்தான் கிடந்தார். அந்த மொழி அதைப் பார்த்திருக்கிறது.

பாருங்கள். முதலில் ஒரு வினை. இழு. கடைசியில் ஒரு குட்டிச் சொல். சேர்த்து. இரண்டுக்கும் நடுவே யார்? யுவர்செல்ஃப். உன்னையே. வினையின் ஒரு கையையும் குட்டிச் சொல்லின் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் தொலைந்துவிடாத பிள்ளை மாதிரி நடுவில் நிற்கும். வகுப்புக்கு வரும் வாஞ்சிநாதன் மாமா அதைக் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தார். 'புல் டுகெதர் யுவர்செல்ஃப்.' கூடாது மாமா. அது பின்வரிசையில் உட்காராது.

இன்னும் இருக்கின்றன. ஒரு வேலையில் முழுதாக இறங்க வேண்டுமா? 'த்ரோ யுவர்செல்ஃப் இன்டு'. உன்னையே அதற்குள் எறி. டெலிவிஷன் முன்னாலிருந்து எழுந்து வர வேண்டுமா? 'டேர் யுவர்செல்ஃப் அவே'. உன்னையே கிழித்துக்கொண்டு வா. நம் நம்பிக்கையை நாமே ஏமாற்றிவிட்டோமா? 'லெட் யுவர்செல்ஃப் டவுன்'. உட்காருவதற்கும் விழித்து எழுவதற்கும் இந்த 'யுவர்செல்ஃப்' வேண்டாம். சிட் டவுன், வேக் அப், அவ்வளவுதான். கொஞ்சம் கஷ்டமான காரியம் என்றால்தான் ஆங்கிலம் நம்மையே நம்மிடம் ஒப்படைக்கிறது.

தமிழில் இல்லையா? ஏன் இல்லை? அழுகிறவரிடம் தேற்றிக்கொள் என்கிறோம். அடக்கிக்கொள் என்கிறோம். ஒதுங்கிக்கொள் என்கிறோம். கடைசியில் ஒரு 'கொள்'. அதற்குள் நாம் இருக்கிறோம். சத்தமில்லாமல். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி. அது அழகு. எனக்கு அந்த அழகு பிடிக்கும்.

விஜயா அக்கா என்ன செய்தார்? இரண்டு சனிக்கிழமை, ஒரே ஒரு வாக்கியத்தை உருட்டினார். என் மகளுக்கு ஒரு பரீட்சை வையுங்கள். அவ்வளவுதான். மறுபடி அதே அறை, அதே நாற்காலி. சொன்னார். பரீட்சை வைத்தார்கள். ஸ்னேகா இன்று ஆறாம் வகுப்பு. அதோ, கடைசி வரிசையில் வங்காளியில் கிண்டல் செய்துகொண்டிருப்பவர்களில் அவளும் ஒருத்தி.

இனி கட்லெட்.

வாஞ்சிநாதன் மாமா பணியில் இருந்த காலம். பம்பாயிலிருந்து புதிதாக வந்த பெரிய அதிகாரி வீட்டில் விருந்து. மேஜை நிறையப் பண்டம். அதிகாரி மாமாவின் தோளில் தட்டி, "ஹெல்ப் யுவர்செல்ஃப் டு த கட்லெட்ஸ்" என்றார். காய்கறிக் கட்லெட், சந்தேகம் வேண்டாம். மாமாவுக்கு அர்த்தம் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. நீயே எடுத்துக்கொள். ஆனால் நம்மில் யாராவது முதல் வார்த்தைக்கே எடுத்துக்கொள்வோமா? இரண்டாம் முறை சொல்ல வேண்டும். நாம் "போதும் போதும்" என்று கையை மறைக்க வேண்டும். மூன்றாம் முறை அவர்களே தட்டில் போட வேண்டும். வங்காளி வீடாக இருந்தால் பௌதி, அந்த வீட்டு அண்ணி, விட்டிருக்கவே மாட்டார். "ஆர் ஏக்டு, ஆர் ஏக்டு", இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தட்டை நிரப்பியிருப்பார். அதிகாரியோ ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த விருந்தாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

மாமா நின்றார். கட்லெட் இருந்தது. மாமா நின்றார். கட்லெட் குறைந்தது. மாமா நின்றார். தட்டு காலி!

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டாராம்: "ஏன்னா, அத்தனை பெரிய விருந்துக்குப் போய்ட்டு வந்து மோர் சாதமா கேக்கறேள்?"

என்ன மாமா? "அபாண்டம், ரெண்டு எடுத்துண்டேன்" என்கிறீர்களா? மாமி பக்கத்தில் உட்கார்ந்து தலையை இல்லை என்று ஆட்டுகிறார். சபை மாமியை நம்புகிறது.

சிரியுங்கள். இதை முதலில் கேட்ட அன்று நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், டிராமில், சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் கீழே வாசலுக்கு அருகில் ஒரு மேஜை இருக்கிறது. அதன்மேல் நான்கு வாரமாக ஒரு படிவம். கல்விச் செயலாளர் பதவி. வேட்பாளர் பெயர். முன்மொழிபவர். வழிமொழிபவர். மூன்றும் வெறுமை. இன்று ஆறு மணிக்குள் ஒரு பெயர் வராவிட்டால் வகுப்பு நிற்கும். மாடி அறைக்குள் பந்தல் சாமான்களும் அண்டாக்களும் போகும். செயற்குழு முடிவு செய்துவிட்டது. குற்றம் சொல்லவில்லை. ஆள் இல்லாத அறையை என்னதான் செய்வார்கள்?

ஆள் இல்லையா? எத்தனை பேர் அந்த மேஜையைத் தாண்டிப் போனோம்? எத்தனை பேர் ஓரக்கண்ணால் பார்த்தோம்? எத்தனை பேர் யாராவது கூப்பிடட்டும் என்று நின்றோம்? இந்தச் சங்கத்தில் யாரும் தன் பெயரைத் தானே சொன்னது கிடையாது. இன்னொருவர் முன்மொழிய வேண்டும். நாம் "ஐயோ நானா" என்று பின்வாங்க வேண்டும். மூன்றாம் முறை அவர்களே மாலை போட வேண்டும். கட்லெட்டுக்கு உள்ள சட்டம்தான்.

நான்கு சனிக்கிழமை நானும் நின்றேன். யாராவது "மீரா, நீயே பண்ணேன்" என்று சொல்வார்கள் என்று. படிகளில் மெதுவாக இறங்கினேன். மேஜை அருகே செருப்பு வாரைச் சரிசெய்தேன். அந்த வாருக்கு ஒரு குறையும் இல்லை.

'புட் யுவர்செல்ஃப் ஃபார்வர்ட்' என்று கரும்பலகையில் எழுதினேன் ஒரு நாள். உன்னையே முன்னால் வை. தமிழில் என்ன என்று கேட்டார்கள். தன்னை முன்னிறுத்திக்கொள்வது என்றேன். சொன்ன உடனே தெரிந்தது, அதை நாம் புகாராகத்தான் சொல்வோம். 'அவள் ரொம்பத் தன்னை முன்னிறுத்திக்கொள்கிறாள்.' அதை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். பதினான்கு பேருக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் செருப்பு வார் சரிசெய்தேன்.

அவையோரே! அடக்கம் நம் அணிகலன். அதை விற்கச் சொல்லவில்லை. ஆனால் அடக்கமாக நின்று நின்று ஒரு வகுப்பை இழப்பது எந்த அணிகலன்? விஜயா அக்காவைப் போல இன்னொருத்தி, அடுத்த ஜூலையில், ஏதோ ஓர் ஊரிலிருந்து மாற்றலாகி வருவாள். மாடிப்படி ஏறுவாள். அவளுக்கு அண்டாக்களா ஆங்கிலம் சொல்லும்?

எனக்கு அந்த வேலை வேண்டும்.

சொல்லிவிட்டேன். கூரை இடியவில்லை.

என்ன மாமா? "நான் முன்மொழியறேன், நீ உக்காரும்மா" என்கிறீர்களா? நன்றி. நிஜமாகவே நன்றி. ஆனால் வேண்டாம். இந்த ஒரு கட்லெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். தலைவர் அவர்களே, விதியில் தடை உண்டா? "தடை இல்லை, வழக்கம் இல்லை." போதும். வழக்கம் இன்றைக்கு ஒரு நாள் காத்திருக்கட்டும். இதுவரை நாம்தானே காத்திருந்தோம்.

விஜயா அக்கா எழுந்துவிட்டார். "நான் வழிமொழியறேன்!" அக்கா, இன்னும் முன்மொழியவே இல்லை. பொறுங்கள். எழுதிவிட்டு வருகிறேன்.

மணி ஆறாக ஐந்து நிமிடம். பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட பிள்ளைகளுக்கும், அறையைத் திறந்துவைத்த குருமூர்த்தி சாருக்கும் நன்றி. விசாகப்பட்டினத்தில் கடல் நன்றாக இருக்கும் சார். சாவியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.

மீரா மேடையிலிருந்து இறங்கி, மஹாதேவனிடம் பேனா வாங்கிக்கொண்டு கீழே போனாள். வேட்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். முன்மொழிபவர் என்ற இடத்தில் அதையே மறுபடி எழுதினாள். பின்னால் படியிறங்கி வந்த விஜயாவிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்வதற்கு முன் ஒரு டீயை எடுத்துக்கொண்டாள்.