கூட்டத்தில் கேட்காத சிரிப்பு

ஆசிரியர்களே... மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான சட்டம், சலுகை எல்லாம் பேசினேன். பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விடுகிறார்கள், தெரிகிறது. அதனால் பேச்சை இங்கே நிறுத்திவிட்டு, தூத்துக்குடியில் ஒரு தெருவில் நான் நேரில் பார்த்த பொங்கல் விளையாட்டைச் சொல்கிறேன். சின்ன கதைதான். டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

அந்தத் தெருவில் ஜெனிட்டா என்று ஒரு பெண். ஐந்தாம் வகுப்பு. முகத்தை அசைக்கிற நரம்பு பிறக்கும்போதே அவளுக்கு வேலை செய்யவில்லை. மோபியஸ் சிண்ட்ரோம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மிக அபூர்வம். புருவம் ஏறாது. உதடு விரியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கண் திரும்பாது, தலையைத்தான் திருப்புவாள். பேச்சு கொஞ்சம் வழுக்கும். அவ்வளவுதான். கணக்கில் கெட்டிக்காரி. வாய் ஜாஸ்தி.

பொங்கலன்று தெருவில் என்னென்ன போட்டி வைப்பார்கள்? கோலம், மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன்... அந்த வருடம் புதிதாக ஒன்று வைத்தார்கள். என்ன போட்டி தெரியுமா?

சிரிக்காமல் இருக்கும் போட்டி!

பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். ஆட்டோ ஓட்டுகிற சங்கரபாண்டி எதிரே நின்று சேட்டை செய்வார். சிரித்தால் அவுட். கடைசிவரை சிரிக்காதவருக்கு ஷட்டில் மட்டை செட்.

யார் முதலில் போய் உட்கார்ந்தது? ஜெனிட்டா!

அவள் அம்மா அமலி ஓடி வந்தாள். "ஏட்டி, எந்திரி. வேற எதுலயாவது சேரு."

"எனக்கு அந்த மட்டை வேணும்மா."

பக்கத்தில் இருந்த சேர்மராஜ் குதித்து எழுந்தான். அவனும் ஐந்தாம் வகுப்பு. "சார்! இது போங்கு சார்! அவளுக்குச் சிரிக்கவே வராது!"

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். நடுவர் கிரகோரி சார் மைக்கைக் கீழே இறக்கினார். அப்போது ஜெனிட்டா தலையை முழுசாகத் திருப்பி சேர்மராஜைப் பார்த்தாள்.

"எனக்குச் சிரிக்க வரும்ல. உனக்குத்தான் பாக்கத் தெரியல."

கிரகோரி சார் சொன்னார்: "அவளே சொல்லிட்டா. உட்காருடே."

போட்டி ஆரம்பித்தது. சங்கரபாண்டி மீன்காரம்மா மாதிரி கூவினார். நாலு பேர் அவுட். முட்டை போடப் போகிற கோழி மாதிரி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தெருவையே ஒரு சுற்று சுற்றினார். பெரியவர்களே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் ஐந்து பேர் அவுட். மிச்சம் யார்? சேர்மராஜும் ஜெனிட்டாவும்.

சங்கரபாண்டி யோசித்தார்... நேராக நடுவரிடம் போனார். கிரகோரி சார் மைக் பிடித்துக்கொண்டே அவிழ்கிற வேட்டியை முழங்கையால் பிடிப்பார் பாருங்கள், அதை அவர் பக்கத்திலேயே நின்று செய்து காட்டினார். சேர்மராஜ் எவ்வளவு நேரம் தாங்குவான்? கன்னம் உப்பியது, மூக்கு புடைத்தது... வெடித்துவிட்டான்.

ஜெனிட்டா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"முதல் பரிசு ஜெனிட்டா!" ஒரே கைதட்டல். பெஞ்சில் ஏறி நின்று தட்டினார்கள். கிரகோரி சார் மட்டையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"சார்... நான் தோத்துட்டேன். சிரிச்சிட்டேன்."

"எப்பம்மா?"

"அண்ணன் கோழியா நடந்தாங்கல்லா, அப்பவே. சத்தம்கூட வந்துச்சு. நீங்க எல்லாரும் போட்ட கூச்சல்ல ஒங்களுக்குக் கேக்கல. இன்னும் வயிறு வலிக்குது."

சங்கரபாண்டி முன்னால் ஓடி வந்தார். "யம்மாடி! கோழிக்கா சிரிச்ச? அந்த வேட்டிக்குச் சிரிக்கலையா?"

"வேட்டிக்கும் சிரிச்சேன். கோழிக்குத்தான் ரொம்ப."

மட்டை சேர்மராஜுக்குப் போனது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ரெண்டு மட்டைல்லா இருக்கு. ஒத்தையில எப்படி விளையாட? வாட்டி, ஆடுவோம்."

பிறகு இரண்டு பேரும் தெருவில் ஆடினார்கள். அவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் கேட்டான்: "இப்ப சிரிக்கியா?"

"ஆமா."

"கொஞ்சமாவா, நெறையாவா?"

"நெறைய!"

அவனுக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்... பந்தை வேண்டுமென்றே விட ஆரம்பித்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அமலியிடம் கேட்டேன்: "அவ சிரிச்சது உங்களுக்கும் தெரியலையா?"

அமலி சொன்னாள்: "தெரியாம என்ன சார்? சிரிச்சான்னா குதிகால் ரெண்டும் தாளம் போடும். கோழி வந்தப்ப பெஞ்சுக்கு அடியில படபடன்னு போட்டுது. ஒருதடவ ஜெயிச்சிட்டுப் போட்டுமேன்னு நாந்தான் வாய மூடிக்கிட்டேன். அவ விடல பாத்தீங்களா?"

ஏன் விடவில்லை? ஆசிரியர்களே, சொல்லுங்கள்... மட்டை ஆசை இல்லையா? அதற்காகத்தானே போய் உட்கார்ந்தாள்! ஆனால் அந்தப் பரிசை வாங்கியிருந்தால் தெருவே என்ன சொல்லியிருக்கும்? "சிரிக்கத் தெரியாத பிள்ளை ஜெயித்தது" என்று சொல்லியிருக்கும். அந்தப் பெயருக்கு ஒரு மட்டை செட் போதாது என்று அவள் நினைத்தாள்.

நம் வகுப்பில் என்ன செய்கிறோம்? குட்மார்னிங் சொல்லும்போது சிரிக்காத பிள்ளையை "திமிர்" என்கிறோம். கதை சொல்லும்போது முகம் மாறாத பிள்ளையை "மக்கு" என்கிறோம். சேர்மராஜ் பத்து வயதுப் பையன். அவனும் முதலில் அப்படித்தான் சொன்னான். ஆனால் அவன் பிறகு கேட்கக் கற்றுக்கொண்டான். "இப்ப சிரிக்கியா?" எவ்வளவு சின்ன கேள்வி! நாம் கேட்டிருக்கிறோமா?

நாளைக் காலை வகுப்புக்குப் போவீர்கள். ஒரு வேடிக்கை சொல்வீர்கள். நாற்பது பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒரு பிள்ளை சிரிக்காது. கோபம் வருவதற்கு முன்னால்... ஒரே ஒரு தரம், பெஞ்சுக்கு அடியில் பாருங்கள்.