குளக்கட்டில் ஒரு கைதட்டல்

மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ். என் முன் சீற்றில் இரண்டு பெண்கள். மடியில் கத்தரிக்காய்ப் பை வைத்திருந்தவள் சொன்னாள்:

"எங்கட மனிசன் ஞாயிறு விடியக் குருவி பாக்கப் போனவர், அக்கா."

மற்றவள் முழுதாகத் திரும்பினாள். "அறுவடைதான் முடிஞ்சுதே. இப்ப என்ன குருவிக் காவல்?"

"வயலுக்கில்லை, குளத்துக்கு. சயன்ஸ் மாஸ்டர் ஊராக்களைக் கூட்டிக்கொண்டு போறவர். மாரிக்கு வந்த காட்டுத்தாராக்கள் பங்குனியோட திரும்பிப் போயிடுமாம். அதுக்கு முதல் பாக்கோணுமாம்."

"பாத்து?"

"பாக்கிறதுதான்."

"சரி, பாத்தவரோ?"

"எல்லாரும் குளக்கட்டில குந்தி, மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கினம். தாராக்கூட்டம் வந்து தண்ணியில இறங்கினதுதான் தாமதம், இந்தாள் எழும்பி நிண்டு கையைத் தட்டி 'ஊய்' எண்டு கத்திப்போட்டார்."

"ஐயோ! ஏன்?"

"சின்னனிலயிருந்து வயலில குருவி கலைச்ச கையெல்லே, அக்கா. சொன்னால் கேக்குமே? எல்லாம் எழும்பிப் பறந்திட்டுது."

"மாஸ்டர் நல்லா ஏசியிருப்பார்."

"இவரும் அப்பிடித்தான் நினைச்சுத் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவராம். மாஸ்டர் மேல பாத்தபடியே, 'தண்ணியில இருக்கேக்கை தெரியாத செட்டை நீலம் இப்பதான் வடிவாத் தெரியுது' எண்டாராம். வாற ஞாயிறும் கட்டாயம் வரட்டாம்."

பஸ் சந்தியில் நின்றது. மற்றவள் இறங்க எழும்பினாள்.

"வயலில குருவி கலைக்க அடிக்கிற தகரம் எங்கட வீட்டில சும்மா கிடக்கு, பிள்ளை. குடுத்து விடட்டே?"