முகம் வெட்டிய பூசணி

பூசணிக்காய்க்கு முகம் வெட்டக் கத்தி வேண்டாம், கத்தரிக்கோலே போதும். நிஜப் பூசணி இல்லையம்மா, மதுவந்தி கம்ப்யூட்டரில் விளையாடுவாளே, அதில். அங்கே எல்லாமே கட்டை கட்டையாக இருக்கும். மரம், மாடு, சூரியன்கூட. போலீஸ் ஸ்டேஷனில் நாளெல்லாம் நிற்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. நானே அதைக் கற்றுக்கொண்டது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான்.

மதுவந்தி என் அண்ணா பெண். அண்ணாவும் மன்னியும் ஒரே விபத்தில் போனபோது அவளைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து மேற்கு மாம்பலம் வீட்டில் நானும் அவளும்தான். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைத் தியாகம் என்று ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

விளையாட்டில் என் வேலை மந்திரம் ஏற்றுவது. அதற்கென்று ஒரு மேசை, சுற்றிலும் புத்தக அலமாரிகள். கவசத்தை வைத்து, பக்கத்தில் நீலக்கல்லை வைத்தால் புரியாத எழுத்தில் சில வரிகள் வரும். ஒன்றைத் தொட வேண்டும். நெருப்புச் சுடாத கவசம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் கால் உடையாத பூட்ஸ், எல்லாம் அப்படித்தான் கிடைக்கும். மதுவந்தியும் அவள் சிநேகிதி சிம்ராவும் சுரங்கத்துக்குள் போவார்கள். நான் வீட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் மந்திரம் ஏற்றிக் கொடுப்பேன். சிம்ரா அடையாறில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே பேசுவாள்.

"ஆன்ட்டி, உங்க கை ராசியான கை. நீங்க குடுத்த பூட்ஸைப் போட்டுக்கினு மலை மேலேர்ந்து குதிச்சேன். ஒண்ணும் ஆவல."

நல்ல பெண். அவள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்பு முடித்த பிறகுதான் மதுவந்திக்கு உடம்பு கெட்டது. தலைசுற்றல், கை நடுக்கம், எந்நேரமும் ஒரு தூக்கக் கலக்கம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. நரம்பு பலவீனமாக இருக்கும் என்றார் ஒரு டாக்டர். நான் தலை வாரிவிட்டேன், படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். "பெத்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டா" என்று கீழ்வீட்டு மாமி சொல்லுவாள்.

இதற்கு நடுவில் கொட்டிவாக்கத்தில் கேம் செய்கிற ஒரு சின்ன ஆபீசில் சிம்ராவுக்கு வேலை கிடைத்தது. இவளுக்கும் ஒரு இடம் பேசி வைத்தாள். பக்கத்திலேயே இரண்டு பேருமாகத் தங்க ஒரு அறையும் பார்த்தாள். உடம்பு தேறட்டும், போகலாம் என்றேன். போகாதே என்று நான் சொன்னதே இல்லை.

ஒரு நாள் பாலைவனத்தில் ஒரு பெட்டியிலிருந்து மந்திரப் புத்தகம் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தது சாபம். அதை ஏற்றிய பொருளை மாட்டிக்கொண்டால் திரும்பக் கழற்ற முடியாது. தூக்கிப் போடச் சொன்னாள் சிம்ரா. நான் எடுத்து வைத்துக்கொண்டு, முகம் வெட்டிய பூசணியில் ஏற்றினேன். அங்கே நெட்டையாக, கறுப்பாக ஒரு ஜந்து திரியும். அதன் கண்ணைப் பார்த்துவிட்டால் அடித்துக் கொல்ல வரும். பூசணியைத் தலையில் மாட்டியிருந்தால் ஒன்றும் செய்யாது. வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதே மாதிரிதான்.

"போட்டுக்கோடி, கண்ணு படாது" என்றேன். போட்டுக்கொண்டாள்.

உள்ளேயிருந்து பார்த்தால் சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் உலகம் தெரியும்.

"அத்தே, கழலவே மாட்டேங்கறதே. என்ன பண்ணி வெச்சேள்?"

"மச்சி, ஆன்ட்டி உன்னை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டாங்கடி" என்று சிம்ரா சிரித்தாள். "இனிமே செத்தாத்தான் கழலும்."

"அவ்வளவுதானே" என்றாள் மதுவந்தி. நான் கொடுத்த பூட்ஸைக் கழற்றி வைத்தாள். மலை விளிம்புக்குப் போய்க் குதித்தாள். அங்கே செத்தவர்கள் தங்கள் கட்டிலிலேயே உயிரோடு எழுந்துவிடுவார்கள்; அப்படி அவள் எழுந்தபோது தலையில் பூசணி இல்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு சீக்கிரம் தோன்றியது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஏகாதசிக்கு அடுப்பு மூட்டுவதில்லை. அவளும் வாழைப்பழமும் தண்ணீருமாக இருந்துவிடுவாள். சிம்ராதான் கவனித்திருக்கிறாள். நான் சமையலறையில் இருந்தது தெரியாமல் ஸ்பீக்கரில் சொன்னாள்.

"கோச்சுக்காத மச்சி. மத்த நாள்ல நீ நேரா நெருப்புக் குழம்புல போய் வுழுறே. விரதம் இருக்கிற அன்னைக்கு மட்டும் என்னைவுட நல்லா ஆடுறே. சாப்புடாத அன்னைக்குத்தான் உனக்கு ஒடம்பு நல்லாகீது. அது எப்டிடி?"

மதுவந்தி விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அத்தையைப் பத்தி அப்படியெல்லாம் நினைக்காதே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஏகாதசி. மறுநாள் கார்த்தால வந்து என்னைக் கூட்டிண்டு போ" என்றாள்.

"நாளைக்கே வர்றேன்டி."

"வேண்டாம். பாரணை பண்ணிட்டு வரேன். நான் இல்லேன்னா அத்தை தனியா விரதத்தை முடிக்க மாட்டா."

சிம்ரா சொன்னது சரிதானம்மா. எனக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை அவள் சாதத்தில் கலந்தது நான்தான். முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பின அன்று ஆரம்பித்தேன். அந்த ஒரு நாள் வீட்டில் இருக்கட்டும் என்றுதான். இருந்தாள். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி இருந்தாள். அதற்குப் பிறகு நிறுத்த ஒரு காரணமும் வரவில்லை.

துவாதசி காலையில் அகத்திக்கீரை செய்தேன். பாரணைக்கு அதுதான் வழக்கம். தானே கசக்கிற கீரை. வழக்கமாகப் போடுகிற அளவு இல்லை, டப்பாவில் இருந்தது அத்தனையும் போட்டேன். அவள் பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. பார்க்காத மாதிரி இலை போட்டேன்.

பாதியில் கையை நிறுத்தினாள்.

"ரொம்பக் கசக்கறது அத்தே."

"பாரணைக் கீரையை மிச்சம் வெக்கப்படாது" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சாப்பிட்டு முடித்தாள். ஏன் சாப்பிட்டாள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். என்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

சிம்ரா வந்து கதவைத் தட்டியபோது மதுவந்தியின் தலை என் மடியில் இருந்தது. எழுந்தால் அவள் தூக்கம் கலைந்துவிடுமே என்று நான் எழுந்திருக்கவில்லை. பாவம், அந்தப் பெண் ஆட்களைக் கூட்டிவந்து உடைக்க வேண்டியதாகிவிட்டது.

இனிமேல் அவள் கண் திறப்பது கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். மூக்கில் குழாய் போட்டு அது வழியாகத்தான் ஆகாரம் போகிறது என்றும் சொன்னீர்கள். வெளி ஆகாரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதம்மா. ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். நான் வீட்டில் கரைத்துக் கொடுத்தனுப்பினால், அதை அந்தக் குழாயில் ஊற்றுவார்களா?